தளபதிக்கு இரவல் போன முகம்

அந்தத் தெருவில் அவளைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். மாடி வீட்டின் முன்னறையில் தையற்கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தெருக்காரர்களுக்கு உண்மை தெரியும். அது அவள் வாய்க்கு வைத்த பெயர். அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றால், "மூச்சு விடுங்க சார். சட்டையைப் போட்டுக்கிட்டு வாழ்நாள் பூரா மூச்சடக்கியா நிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிடுவாள். கேட்டபடியே டேப்பை இரண்டு விரல்கடை தளர்த்திப் பிடிப்பாள். அதனால் திட்டு வாங்கினாலும் ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். கை தைப்பதற்கு வேறு ஆள், பொத்தான் வைப்பதற்கு வேறு ஆள். முழுச்சட்டை என்ற ஒன்றை அவள் பார்ப்பதே மேலாளர் போட்டுக்கொண்டு வரும்போதுதான். "கழுத்துப் பட்டியா பாத்துப் பாத்து எனக்கு ஆளுங்க மேலயே மரியாதை போயிடுச்சு. எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் முதல்ல அழுக்காகறது அதுதான்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு முகத்தைப் பார்த்து ஏமாந்தாள். மாப்பிள்ளை அரசு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். எடுப்பான மூக்கு, செதுக்கிவைத்த தாடை, எதையோ தூரத்தில் பார்ப்பது போன்ற கண்கள். "ராஜா மாதிரி இருக்காருடி" என்று அம்மா அவள் காதில் சொன்னாள். ராஜாவின் லட்சணம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குளியலறையில் ஒரு கரப்பான் பூச்சியைப் பார்த்துவிட்டு ராஜா துண்டோடு வெளியே ஓடிவந்து, கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்தாம்மா, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார். கத்திரி செருப்போடு உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாச் சண்டைக்கும் அவள்தான் போனாள். தண்ணீர்க்காரனோடு, மின்கம்பி ஆளோடு, பள்ளிக்கூடத்தோடு. அவர் நல்லவர்தான். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஏறுகிறவர் மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே என்று பழகிப்போன தலை.

மகள் எட்டாவது படிக்கும்போது அரசாங்கத்துக்குத் திடீரென்று வரலாற்றின் மேல் காதல் பொங்கியது. தேர்தல் நெருங்கினால் அப்படிப் பொங்கும். மாநிலத்தை உருவாக்கிய ஐந்து பெருமக்களுக்குத் தலைநகரின் பெரிய சாலையில் வரிசையாக வெண்கலச் சிலை என்று அறிவித்தார்கள். பெரிய வாய்க்காலை வெட்டியவர், முதல் அச்சகம் வைத்தவர், பெண்களுக்கு முதன்முதலில் பள்ளி திறந்த அம்மையார், ஊர் ஊராக நடந்துபோய் அம்மை குத்திய மருத்துவர், ஐந்தாவதாகக் கோட்டைத் தளபதி. நால்வருக்குப் படம் இருந்தது. வாய்க்கால்காரர் பல்வலி வந்தவர் போலவும், அம்மையார் யாரையோ முறைப்பது போலவும் பழைய புகைப்படங்களில் இருந்தார்கள். தளபதிக்கு மட்டும் எதுவும் இல்லை. எதிரிப்படை சூழ்ந்துகொண்டபோது கோட்டைச் சாவியைக் கொடுக்க மறுத்து வாசலிலேயே உயிரை விட்டார் என்று பாடப்புத்தகத்தில் நாலு வரி இருந்தது. ஆள் நெட்டையா குட்டையா, மீசை உண்டா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

சிற்பி பாவம், விதவிதமாக வரைந்து கலாச்சாரத் துறைக்கு எடுத்துக்கொண்டு போனார். துறை ஐந்தாவது மாடியில் இருந்தது. "இன்னும் கொஞ்சம் வீரம் வேணும்" என்று அனுப்பினார்கள். வீரத்தைக் கூட்டிக்கொண்டு போனால், "கொஞ்சம் கருணையும் இருக்கட்டும்" என்றார்கள். இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், ஒருநாள் லிஃப்டில் நின்றபடி, எண் விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரரின் முகத்தைக் கண்டார்.

"அப்படியே இருங்க! அசையாதீங்க!"

"அஞ்சாவது மாடி வந்துடுச்சுங்க ஐயா."

"அதான்! அந்தப் பார்வைதான்!"

மாடியில் இருந்தவர்களும் வெளியே வந்து எட்டிப்பார்த்தார்கள். தினமும் தங்களைச் சுமந்து ஏற்றிய ஆளின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் விஷயத்தைச் சொன்னபோது கத்திரி பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். "தளபதிக்கு மூஞ்சி இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லையாம்."

"உங்களுக்கு மூஞ்சியைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. பொருத்தமாத்தான் பிடிச்சிருக்காங்க."

மாமியாருக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. "பிறந்தப்பவே டாக்டரம்மா சொன்னாங்க, இவன் பெரிய ஆளா வருவான்னு" என்று ஜன்னல் ஜன்னலாகப் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னது பிள்ளை எடை கூடுதல் என்பதுதான்.

சிலை திறக்கும் நாளன்று குடும்பத்தோடு போனார்கள். அழைப்பிதழ் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்றவரை ஒரு காவலர் தள்ளினார். கையில் சாவியும் இடுப்பில் வாளுமாக நின்ற சிலையை இவர் காட்டினார், பிறகு தன் முகத்தைக் காட்டினார். காவலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும், பின்னாடி போய்யா" என்றார். மேடையில் அமைச்சர் கையை வீசிப் பேசினார். "இந்தக் கண்களைப் பாருங்கள்! நூறாண்டுகளுக்கு அப்பால் பார்க்கும் கண்கள்!"

"அஞ்சு மாடிக்கு அப்பால எதையும் பாத்ததில்ல" என்றாள் கத்திரி. முன்னால் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அம்மாவின் கையைக் கிள்ளினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. மனிதர் மீசை வளர்த்தார். லிஃப்டில் ஏறுகிறவர்கள் விளையாட்டுக்கு வைத்த சல்யூட்டை நிஜமென்று எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். அட்டைக் கவசத்தைப் போட்டுக்கொண்டு போய், "நான் ஒருபோதும் பணியேன்!" என்று முழங்கிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தோடு திரும்பி வருவார். பிறகு அந்தக் குரல் வீட்டுக்குள்ளும் வந்தது. உப்புக் கேட்பதைக்கூட ஆணை போலக் கேட்டார்.

அந்தச் சமயத்தில் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அழுக்குத் தண்ணீர் சமையலறைக்குள் எதிர்த்து வந்தது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில்தான் இருந்தார், பிடிவாதக்காரர். கத்திரி முந்திக்கொண்டு போகாமல் இருந்து பார்த்தாள்.

"போங்க தளபதி. போய் இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார். கீழேயிருந்து, "ஒருபோதும் பணியேன்!" என்று சத்தம் கேட்டது. கத்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். அப்புறம் வெகுநேரம் வீட்டுக்காரர் குரல் மட்டும்தான். அப்புறம் வீட்டுக்காரர் கடகடவென்று சிரித்தார். தளபதி மெல்லப் படியேறி வந்தார்.

"பேசிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்." கொஞ்சம் தயங்கினார். "அவரு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கணுமாம். ஆள் கிடைக்கலையாம். ஞாயித்துக்கிழமை நான் சும்மாதானே இருக்கேன்னு…"

"சாவியைக் குடுக்கல. கோட்டைக் கதவுக்குப் பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுத்துட்டாராக்கும்!" என்று சொல்லிவிட்டு அவள் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே இறங்கிப் போனாள். மறுநாள் காலையில் சாக்கடைக்கு ஆள் வந்தான். ஞாயிற்றுக்கிழமை தளபதி கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

ஆட்சி மாறியது. போன ஆட்சி வைத்த சிலைகளை என்ன செய்வது என்று புது ஆட்சி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பேராசிரியர் தொலைக்காட்சியில் வந்தார். தளபதி வாசலில் சாகவே இல்லை, தானே கதவைத் திறந்து, சாவியைத் தட்டில் வைத்து நீட்டி, எதிரி கொடுத்த தோட்ட வீட்டில் பல்லுப்போகும்வரை சுகமாக வாழ்ந்தார் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த இன்னொரு பேராசிரியர், அது வேறு தளபதி, வேறு கோட்டை என்று கத்தினார். யார் சொல்வது சரி என்று உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. நேற்று வரை தளபதி வாழ்க என்று கத்திய அதே தொண்டைகள் ஒழிக என்று கத்தின. தொண்டைக்கு என்ன, இரண்டுக்கும் ஒரே மூச்சுதான். ஒரு சாயங்காலம் யாரோ சிலையின் முகத்தில் ஒரு வாளி தாரை வீசிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவது மாடி அலுவலர்கள் லிஃப்டில் ஏறாமல் மாடிப்படி ஏறினார்கள். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தேசபக்தர்களை நினைத்துக் கத்திரி பிற்பாடு வெகுகாலம் சிரித்தாள். அப்போது சிரிக்க முடியவில்லை. ஒரு எழுத்தர் லிஃப்டுக்குள் எட்டிப்பார்த்து, "எங்களையும் எங்கயாவது காட்டிக் குடுத்துடாதய்யா" என்றாராம். இவர் மீசையை மழித்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கடையின் பின்னறையில், தைத்து மாட்டியிருந்த பள்ளிச் சீருடைகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் சீருடைகளுக்கு அடியில் இரண்டு பாதம் மட்டும் தெரியும்.

"நான் யாரையும் காட்டிக் குடுக்கலம்மா" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? நீங்க எந்தக் காலத்துல எதைக் கையில வச்சிருந்தீங்க, குடுக்கறதுக்கு?"

மாமியார் அவளுக்கும் மேல். "அந்தக் காலத்துல என்ன நெருக்கடியோ, என் பிள்ளை சாவியைக் குடுத்துட்டான். சூதுவாது தெரியாதவன்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் மகனுக்காக வாதாடினாள். ஒரு வாடிக்கைக்காரி பாதி தைத்த துணியைத் திருப்பிக் கேட்டாள். துரோகி வீட்டில் தைத்ததை மகளுக்குப் போட மனசு வரவில்லையாம். கத்திரி ஒரு கை மட்டும் வைத்திருந்த கவுனை மடித்து நீட்டினாள். "இன்னொரு கையை உங்க பேராசிரியர்கிட்ட குடுத்துத் தைச்சுக்கோங்க."

ஆனால் மகள் பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, "இனிமே நான் போகமாட்டேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டபோது கத்திரி இயந்திரத்தை நிறுத்தினாள். வகுப்பில் அவளைச் சாவி என்று கூப்பிட்டார்களாம். ஆசிரியையும் சிரித்தாராம்.

"அப்பாவைப் பாருங்கம்மா. பேசமாட்டேங்கறாரு, சாப்பிடமாட்டேங்கறாரு. சிலை மூஞ்சியில ஊத்தினது அவரு மூஞ்சியிலயே ஊத்தின மாதிரி தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு இருக்காரு."

கத்திரி எழுந்து போய்ப் பார்த்தாள். குழாயடியில் அவர் குனிந்து நின்று முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கன்னம் சிவந்து உரிந்திருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல், எதிர்வீட்டுக் கொத்தனாரிடம் ஏணியைக் கேட்டு வாங்கினாள். ஒரு கேன் மண்ணெண்ணெய், ஒரு மூட்டை வெட்டுத்துணி. அவற்றை ஒரு தள்ளுவண்டியில் போட்டுப் பெரிய சாலை வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு போனாள். வாய்க்கால்காரர், அச்சகத்துக்காரர், அம்மையார், மருத்துவர் எல்லோரும் வெயிலில் பளபளவென்று நின்றார்கள். கடைசியில் கரிப்பானை மாதிரி ஒரு தலை. ஏணியைச் சாத்தி ஏறிவிட்டாள்.

காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். "ஏம்மா! இறங்கு! யாரு நீ? எந்தக் கட்சி?"

"தையற்கடை."

"துரோகி மூஞ்சியைத் துடைக்கிறியா?"

"உங்க தளபதி துரோகியோ தியாகியோ, அது உங்க பாடு. பேசித் தீர்த்துக்கோங்க. இந்த மூஞ்சி எங்க வீட்டுது."

"இது அரசாங்கச் சொத்து. கை வைக்கக் கூடாது."

"அரசாங்கச் சொத்துல தாரை ஊத்தினப்ப எங்க போயிருந்தீங்க? டீ குடிக்கவா?"

காவலர் நாலு பக்கமும் பார்த்தார். கூட்டம் சேர ஆரம்பித்தது. ஏணி வேறு ஆடியது. பெண்பிள்ளை விழுந்து தலையை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ, முணுமுணுத்துக்கொண்டே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"புருஷனுக்கு அபிஷேகம் பண்றா பாருடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க மூஞ்சியில தார் ஊத்தினா துடைக்க ஆள் வருமான்னு வீட்டுல கேட்டுட்டு வந்து பேசுங்க."

கூட்டம் சிரித்தது. கத்தினவன் நழுவிவிட்டான்.

தார் லேசில் வரவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்துத் தேய்க்க, மூக்கு முதலில் வெளியே வந்தது. அப்புறம் கண். இடது புருவத்துக்கு மேலே ஒரு கீறல். லிஃப்டின் இரும்புக் கதவு மடேரென்று அடித்து உண்டான காயம் அது. அன்றைக்கு அவள்தான் கட்டுப் போட்டுவிட்டாள். சிற்பி அதையும் விடாமல் வடித்திருந்தார். போர்த்தழும்பு என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். இத்தனை கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்து அவளுக்குப் பல வருஷமாகிவிட்டது. வெண்கலத்தில் அது பயப்படவில்லை, அசடு வழியவில்லை, தலையாட்டவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. சீருடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற முகத்தில் வெட்கமாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கழுத்து வரைக்கும் துடைத்துவிட்டு இறங்கினாள். மார்பிலும் கையிலும் தார் அப்படியே வழிந்திருந்தது.

"மீதியையும் துடைச்சுட்டுப் போயேன்" என்றார் காவலர்.

"மீதி உங்க தளபதி. நீங்க துடைங்க."

வீட்டுக்கு வந்து சீருடைகளை விலக்கினாள். "துடைச்சாச்சு. எழுந்து வேலைக்குப் போங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "நீயா?" என்றார்.

"இல்ல, கலாச்சாரத் துறை."

அவர் அழுதார். அவள் திட்டவில்லை. மறுநாள் அவரோடு அலுவலகத்துக்குப் போய் லிஃப்டுக்குள்ளேயே நின்றுகொண்டாள். ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் வாசலில் தயங்கினார். "ஏறுங்க சார். சாவி எங்கிட்டதான் இருக்கு, பயப்படாதீங்க" என்றாள். அவர் ஏறிவிட்டார். மாடிப்படி ஏறி ஏறி அவருக்கும் முழங்கால் போயிருந்தது. மகளோடு பள்ளிக்கும் ஒரு நடை போனாள். அங்கே ஆசிரியையிடம் என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. சாவி என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? சிலையை அகற்றினால் ஒரு கூட்டம் கத்தும், வைத்திருந்தால் இன்னொரு கூட்டம் கத்தும். ஆறு மாதம் கூடிக் கூடிப் பேசிவிட்டு, மூடியிருந்த கையிலிருந்து சாவியை அறுத்து எடுத்து, அதே துளையில் ஒரு பேனாவைச் செருகினார்கள். பலகையை மாற்றினார்கள். மாநிலத்தின் ஆதிகவி என்று புதுப் பலகை சொன்னது. ஆதிகவிக்கும் படம் கிடையாது. இடுப்பில் வாளோடு ஒரு கவிஞர் எதற்கு நிற்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டின.

பிறகு ஒருநாள் கலாச்சாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி கடைக்கே வந்தார். ஆதிகவியின் விழா வருகிறதாம். லிஃப்ட்காரர் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தால் போதுமாம். இந்த முறை நாற்காலி உண்டாம்.

மாமியார் பின்னறையிலிருந்து, "சின்ன வயசுலயே நல்லாப் பாடுவான்!" என்று குரல் கொடுத்தாள்.

கத்திரி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "ஐயா, எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு மூஞ்சி. போன தடவை இரவல் வாங்கிட்டுப் போய் எந்தக் கோலத்துல திருப்பிக் குடுத்தீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அதிகாரி அவளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அரசு மரியாதை. சும்மா கிடைக்குமா?"

அவர் கையைப் பிசைந்தார். நாற்காலி என்றதும் கண்ணில் ஒரு மினுக்கம் வந்ததைக் கத்திரி பார்த்துவிட்டாள். இதோ, தலை ஆடப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முடியாதுங்க" என்றார் அவர்.

சத்தம் சின்னதுதான். அவருக்கே கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு முறை சொன்னார். "என்னால முடியாதுங்க ஐயா. மன்னிச்சுக்கோங்க."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் சொல்லிவிட்டார். அதிகாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். நன்றாகச் சொன்னீர்கள் என்று சொல்ல வாயெடுத்த கத்திரி, பாராட்டினால் இந்த மனுஷனுக்குத் தலைக்கேறிவிடும் என்று நினைத்து அதை விழுங்கினாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். "சாப்பிடலாம்."